எதையும் கேட்காத வார்த்தை

“அதக் கொண்டா, இதத் தாரேங்குது. இதக் கொண்டா, அதத் தாரேங்குது. மனுசன் எங்கன போயி முட்டிக்கிடுவான்?”

செயலாளர் தாணுமாலையன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று இசக்கித்தாய் நினைக்கவே இல்லை. தன் கஷ்டம் ஒருவழியாக அவருக்குப் புரிந்துவிட்டதாக்கும் என்று பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைத்தான் வைதுகொண்டிருந்தார்.

வண்ணார்பேட்டையில் இருக்கும் இந்த வயல்வேலைக்காரர் நலநிதிச் சங்கத்துக்கு, சீவலப்பேரியிலிருந்து ஆறு மாதமாக டவுன் பஸ் ஏறி வருகிறாள். புருஷன் செந்தூர்பாண்டி செத்தபின் அவளுக்கு வரவேண்டிய பென்ஷனுக்காக. சங்கக் கார்டைப் புதுப்பித்தால்தான் பென்ஷன் நம்பர். பென்ஷன் நம்பர் இருந்தால்தான் கார்டைப் புதுப்பிக்கலாம். இரண்டையும் சொல்கிறவர் தாணுமாலையன் ஒருவர்தான்.

இன்று ஐந்து மணியோடு பென்ஷன் பட்டியலை மூடுகிறார்கள். விட்டால் இனி அடுத்த வருஷம், இரண்டாயிரத்தில்தான்.

அந்தப் பட்டியல் வெளியே வரவும் கம்ப்யூட்டர் மனசு வைக்க வேண்டும். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பிருந்தா, லினக்ஸ் சர்வரில் பட்டியலைத் திறக்கும் பழைய கண்ட்ரோல் பேனலை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றக் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் புரோகிராம் பேக்கேஜ் ஏறணும்னா இன்னொண்ணு வேணுமாம் சார். அத ஏத்தப் போனா, இது முதல்ல இருக்கணும்னு சொல்லுது.”

“இது என்ன கூத்தும்மா? கேக்குததுக்கு ஒரு நியாயம் வேண்டாமா?”

இசக்கித்தாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பாவமாக இருந்தது. மனுஷர் சட்டையெல்லாம் நனைந்து கிடக்கிறார். இந்த அலைக்கழிப்பு எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

நாலரை மணிக்கு பிருந்தா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஒரு வழி இருக்கு சார். எதையும் கேக்காம ஏத்துன்னு கூட ஒரு வார்த்தை சேத்து அடிக்கலாம். பின்னால வம்பு வந்தா நாமதான் பொறுப்பு.”

“நான் பொறுப்பு, நீ அடிம்மா. ஒண்ணுக்கொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா வேல எப்ப நடக்கும்?”

பிருந்தா அடித்தாள். திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. கண்ட்ரோல் பேனல் திறந்தது, பட்டியலும் வந்து நின்றது. ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தாணுமாலையன் சிரித்ததை இசக்கித்தாய் பார்த்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று மேஜைப் பக்கம் போய் நின்றாள்.

“ஐயா, அந்த வார்த்தைய எம் பேருக்கும் ஒருக்கா அடிக்கச் சொல்லுங்க.”

பிருந்தா திரும்பிச் செயலாளரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, பையப் பையத் துடைத்து, மாட்டிக்கொண்டு இசக்கித்தாயை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாளில் அவர் அவளை முழுசாகப் பார்த்தது இன்றைக்குத்தான்.

“அதுக்கென்ன, அடிச்சிருவோம்” என்றார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிருந்தா அவசர அவசரமாகப் பென்ஷன் பக்கத்தைத் திறந்து, செந்தூர்பாண்டி பெயரைத் தேடி எடுத்து, விரலைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

தாணுமாலையன் இசக்கித்தாயிடம் கையை நீட்டினார்.

“புதுப்பிச்ச கார்டக் குடுங்க.”