தலைவர் வீட்டுச் சத்தம்

மேல் வீட்டில் மறுபடியும் மேஜை இழுபடும் சத்தம்.

மிரானுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது.

மேல் வீட்டுக்காரர் தாக் யோங்சுல் சாதாரண ஆளா? கொரியாவின் இன்ச்சோன் நகரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கே தலைவர். "வீட்டுக்குள் சத்தம் வராத மெத்தைச் செருப்புப் போட்டு நடக்கவும், நாற்காலியை இழுக்க வேண்டாம்" என்று ஒவ்வொரு வீட்டு ஒலிபெருக்கியிலும் நாள் தவறாமல் அறிவிக்க வைக்கிறவர். மிரானின் மகள் ஹேசொல் பியானோவில் கை வைத்தால் போதும், காவலாளியிடமிருந்து இன்டர்காம் அலறும்.

இன்றைக்கு மாட்டினார்!

கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்கிய கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. படியேறியே போனாள்.

கதவைத் திறந்த தலைவர் வியர்வையில் குளித்திருந்தார்.

"வாங்க ஹேசொல் அம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. உங்க காது நல்லா கேக்குமா?"

"கேக்காம என்ன தலைவரே? காலையிலேர்ந்து உங்க மேஜை ஊர்வலம் போறது நல்லாவே கேக்குது."

"அதுக்கு அப்புறம் திட்டுங்க. முதல்ல இதைக் கேளுங்க."

கம்ப்யூட்டருக்கு இரண்டு பக்கமும் புத்தம் புதிய ஸ்பீக்கர்கள். திரையில் நாலைந்து இளவட்டங்கள் மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"பேஸ் வருதா?"

"என்னது?"

"பேஸ்ங்க! அடியில தும் தும்னு அதிரணுமே. அது வருதா?"

மிரான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் பூனை மாதிரி நடக்க வச்சிட்டு, உங்களுக்கு மட்டும் தும் தும் வேணுமா?"

"வருதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இல்லை. கொசு பாடுற மாதிரி இருக்கு."

தலைவரின் முகம் தொங்கிவிட்டது. "பழைய ஸ்பீக்கர்ல வரலைன்னுதான் இதை வாங்கினேன். ஜன்னல் ஓரம் வச்சுப் பாத்தேன், மூலையில தள்ளிப் பாத்தேன். கம்ப்யூட்டர்ல பேஸை முழுசா ஏத்தியும் பாத்துட்டேன். ஒண்ணும் நடக்கலை."

"நாளைக்குக் கடையில குடுத்து மாத்திக்கறது. ஞாயித்துக்கிழமை அதுவுமா ஏன் உயிரை வாங்கறீங்க?"

"நாளைக்குன்னா லேட்டும்மா. இன்னிக்கு சாயங்காலம் ஒரு போன் வரும். ரொம்ப நாளைக்கு அப்புறம் வர்ற போன். பாட்டு எப்படின்னு கேப்பாங்க. சும்மா நல்லா இருந்துச்சுன்னு சொன்னா உடனே கண்டுபிடிச்சிடுவாங்க."

"யாரு அது?"

தலைவர் காதில் விழாதவர் போல மேஜைக்கு அடியில் புகுந்தார்.

மிரானுக்குப் புரிந்துவிட்டது. சங்கத் தேர்தல் வருகிறது அல்லவா? யாரோ பெரிய இடத்துப் பிள்ளை பாடியிருக்கும். இவர் ஜால்ரா தட்டுவதற்கு ஒத்திகை பார்க்கிறார்! இதையும் முழுசாகப் பார்த்துவிட்டுப் போனால்தான் கட்டடம் பூராவும் சொல்லிச் சிரிக்கலாம்.

தலைவரின் போனை எடுத்து அவளே ஸ்பீக்கர் வாங்கின கடைக்குப் போட்டாள்.

"ஐயா, மறுபடியும் நீங்களா?" என்று அலுத்துக்கொண்டது எதிர்முனை.

"ஐயா இல்லை, கீழ் வீட்டுக்காரம்மா. இந்த மனுஷன் மேஜையை இழுத்து இழுத்து என் தலையில கூரையைத் தள்ளறதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஒரு ஸ்பீக்கரை மட்டும் கழட்டிட்டுக் கேட்டுப் பாருங்கம்மா."

கழற்றினார்கள். அட, சன்னமாகத் தும் தும்!

"ஒண்ணு மட்டும் பாடினா வருது, ரெண்டும் பாடினா காணோமே!"

"அப்ப ஒயரை மாத்தி மாட்டியிருக்காரு. சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்புதான் போகணும். மாறிப்போச்சுன்னா ஒண்ணு காத்தை முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும். ரெண்டும் சண்டை போட்டு பேஸை முழுங்கிடும்."

மிரான் குனிந்து பார்த்தாள். "தலைவரே! சிவப்பு இருக்கிற இடத்துல கருப்பைச் சொருகியிருக்கீங்க. இதுக்குத்தான் மூக்குக் கண்ணாடின்னு ஒண்ணு இருக்கு."

ஒயரை மாற்றினாள். பாட்டைப் போட்டாள்.

தும்... தும் தும்... தும்...

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தரை உள்ளங்காலில் குறுகுறுத்தது. தலைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தும்முக்கும் தலையை ஆட்டினார். பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார். மனிதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மிரானுக்கு அப்போதுதான் தன் வீடு ஞாபகம் வந்தது.

"தலைவரே, கீழ என் வீட்டுக் கிண்ணமெல்லாம் ஆடும். கொறைங்க!"

"நாளைக்குக் காலையில ஒலிபெருக்கியில என் பேரைச் சொல்லி என்னையே கண்டிக்கச் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்கம்மா."

"அட, பேஸைத்தானே கொறைக்கச் சொல்றேன்? அந்தப் பையன் குரல் எவ்வளவு நல்லா இருக்கு! அதைப் புகழ்ந்து நாலு வார்த்தை போன்ல சொன்னாப் போதாதா?"

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையின் கோடியில் அரை இருட்டில் பேஸ் கிட்டாருடன் நின்ற பெண்ணைத் தொட்டுக் காட்டினார்.

"அவன் குரல் பழைய ஸ்பீக்கர்லயே நல்லா கேட்டுச்சும்மா. என் பொண்ணு ஒருத்திதான் கேக்கவே இல்லை."