ஞாயிற்றுக்கிழமை கார்

பெல்ட்டை இழுத்து மாட்டினான். க்ளிக் என்றது.

பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தான். விடவில்லை.

கழற்றி மறுபடி மாட்டினான். மறுபடி இழுத்தான். அப்போதும் விடவில்லை.

காரின் பின்சீட்டில் அவன் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

மத்தியானம் கம்பெனியிலிருந்து போனுக்குச் செய்தி வந்திருந்தது. அவனுடைய மாடலில் பின்சீட் பெல்ட்டுகளின் பூட்டில் ஒரு குறை. திடீரென்று பிரேக் போட்டால், சில வண்டிகளில் கழன்றுவிடலாம். ஷோரூமுக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

சில வண்டிகளில். கழன்றுவிடலாம்.

போன் செய்து கேட்டான். ஒரே கூட்டம், இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அடுத்த மாதக் கடைசிதான் என்றாள் ஷோரூம் பெண். பிறகு, எல்லோரிடமும் கேட்பதைப் போல, "பின்னாடி குழந்தைங்க உட்காருவாங்களா சார்?" என்றாள்.

போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"உட்காருவா. ஞாயித்துக்கெழம மட்டும்."

வர்ணிகாவுக்கு ஆறு வயது. சிங்காநல்லூரில் அம்மா கோகிலாவோடு இருக்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவனிடம் வருவாள். சாயங்காலம் வரை.

பைக்கில் அனுப்ப மாட்டேன் என்று வக்கீல் முன்னால் கோகிலா சொல்லிவிட்டாள். அதற்காகவே வாங்கிய பழைய கார். மற்ற நாட்களில் உறை போட்டபடி அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் நிற்கும். ஆபீசுக்கு அவன் பைக்கில்தான் போகிறான்.

வருகிற ஞாயிறு அவளுடைய ஞாயிறு.

சொல்லாமலே கூட்டிப் போகலாம். மெதுவாக ஓட்டலாம். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. பெல்ட் பிடிக்கத்தானே செய்கிறது.

சொன்னால் அந்த ஞாயிறு போய்விடும். அதற்கடுத்ததும் போகலாம்.

வாட்ச்மேன் டார்ச்சோடு வந்து கண்ணாடியில் தட்டினார்.

"யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா சார்?"

"இல்லைங்க."

அவர் போய்விட்டார்.

பெல்ட் அவன் மார்பின் குறுக்கே கிடந்தது. அவளுக்கு அது கழுத்தருகே வரும். இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் வருவாள். அங்கிருந்து பார்த்தால் முன்சீட்டின் முதுகைத் தவிர எதுவும் தெரியவில்லை.

அங்கே உட்கார்ந்தபடியே கோகிலாவைக் கூப்பிட்டான்.

சொல்லி முடித்தான். மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"இத்தனை நாளா அந்த வண்டியிலயா புள்ளையக் கூட்டிட்டுப் போனீங்க?"

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"இந்த வாரம் வேண்டாம், விடுங்க. வெயில்ல பஸ்ல இழுத்துட்டு அலையாதீங்க."

"டாக்ஸியில கூட்டிட்டுப் போறேன், கோகிலா."

டிவி சத்தம் மறுபடி கேட்டது. அவன் போனை வைக்கவில்லை.

"அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்து விட்ருங்க," என்றாள் கடைசியில்.

ஞாயிறு காலை காரை ஷோரூமில் விட்டுவிட்டு டாக்ஸியில் போனான். வர்ணிகா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நம்ம கார் எங்கப்பா?"

"பெல்ட் மாத்த விட்டிருக்கேன், கண்ணு."

"அங்க யார் கூட இருக்குது?"

"தனியாத்தான் இருக்குது."

"பாவம்ப்பா. நாம போய்க் கூட இருக்கலாம்."

பார்க், பொம்மை ரயில் என்று அவன் யோசித்து வைத்திருந்தான். டிரைவரிடம் ஷோரூமுக்கு விடச் சொன்னான்.

வரவேற்பறையில் நீளமான சோபா இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய பின்சீட்டைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார்கள். அவள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றாள். மெக்கானிக் சீட்டுக்கு அடியிலிருந்து மஞ்சள் தலைக் கிளிப் ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "என்னுது! என்னுது!" என்று குதித்தாள்.

மிஷினில் பட்டனை அழுத்திப் பால் பிடித்தாள். அவனுக்கும் ஒன்று கொண்டுவந்தாள், பாதியைச் சிந்தியபடி.

பேசினாள். ஆடுகிற பல்லைப் பற்றி. பென்சில் தராத ஒருத்தியைப் பற்றி. மழை வந்தால் மிஸ் ஏன் கதை சொல்கிறார் என்பதைப் பற்றி. காரில் அவள் இவ்வளவு பேசியதில்லை. பேசியிருந்தாலும் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

எதிர்க்கடையில் வாங்கிய எலுமிச்சை சாதத்தை ஒரே பொட்டலத்திலிருந்து சாப்பிட்டார்கள்.

பிறகு அவன்மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

அவனும் கோகிலாவும் பிரிந்த பிறகு அவள் அவன்மேல் தூங்கியதே இல்லை. தூக்கமெல்லாம் பின்சீட்டில்தான்.

கை மரத்துப்போனது. அசைக்கவில்லை.

வெளியே வெயில் சாய ஆரம்பித்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். சோபாவில் அவர்கள் இருவர் மட்டும்.

சர்வீஸ்காரர் சாவியோடு வந்தார்.

"வண்டி ரெடிங்க சார். ரெண்டு பூட்டும் புதுசு. எடுத்துக்கலாம்."

எடுத்தால் நேரே சிங்காநல்லூர்தான்.

"வாட்டர் வாஷ் பண்ணித் தருவீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"பண்ணியாச்சுங்க சார்."

அவன் தோளில் அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவை பண்ணுங்க," என்றான்.