கண்ணை மூடிக்கிட்டு எழுதுங்க

குறித்த நாள் தாண்டியும் மனைவிக்குப் பிரசவ வலி எடுக்கவில்லை. வலி வரவழைக்கும் மாத்திரையை டாக்டரம்மா எழுதப் போனதுதான் தாமதம், கணவர் குறுக்கே பாய்ந்தார்.

"பக்க விளைவு வருமா டாக்டர்?"

"சில பேருக்கு வரும். கூடவே இருந்து பார்த்துக்குவோம்."

"சில பேருன்னா எத்தனை பேரு? வலி அளவு மீறிப் போனா? குழந்தைக்கு மூச்சு முட்டினா? யாரு பொறுப்பு?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். இத்தனை அக்கறையை இந்த மனிதர் இவ்வளவு நாள் எங்கே பூட்டி வைத்திருந்தாரோ!

"ஏங்க, போன வாரம் இதே நாற்காலியில உட்கார்ந்து, 'ஒரு பயமும் இல்ல, கண்ணை மூடிக்கிட்டு எழுதுங்க'ன்னு இதே மாத்திரைக்கு சாம்பிள் கொடுத்துட்டுப் போனது நீங்கதானே?"

மருந்துக் கம்பெனி விற்பனையாளரான கணவர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார்.

"அது... பொதுவா சொன்னது, டாக்டர்." குரல் இறங்கியது. "வேற கம்பெனி மாத்திரை ஏதாவது இருக்கா?"