நாங்க, நாம

'நாங்க'ன்னுதான் சொன்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. புதிய கார்ட்லெஸ் ஃபோனைக் காதில் வைத்து, வீட்டில் ஆளில்லாதபோது கூப்பிடுபவர்களுக்காக அதன் பதில் கருவியில் அவள் பதிவு செய்த அறிவிப்பைக் கேட்ட கணவர் சிரித்தார்.

"'நாம இப்ப வீட்ல இல்ல'ன்னு சொல்லியிருக்கே. கூப்பிடறவங்களையும் சேத்து வீட்டை விட்டு அனுப்பிட்டியே."

மறுபடி பதிவு செய்தாள். இம்முறை 'நாங்க' என்பதை அழுத்தியே சொன்னாள்.

"இரு, வெளியாள் மாதிரி கூப்பிட்டுப் பாக்கறேன்" என்று அவர் செல்ஃபோனோடு சமையலறைக்குப் போனார். கூடத்தில் ஃபோன் மணி நான்கு முறை அடித்தது. பிறகு கருவி தானே அழைப்பை எடுத்துக்கொண்டது.

சமையலறையில் சத்தமே இல்லை.

"ஏங்க?"

எட்டிப் பார்த்தாள். அவர் அங்கே இல்லை. அவருடைய காப்பியில் இன்னும் ஆவி பறந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

கூடத்துக் கருவியின் ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. குரலுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜின் இரைச்சல்கூட இல்லை.

"இப்பவும் 'நாம'ன்னுதான் வருது. பரவால்ல, இதுவே நல்லாருக்கு. நீயும் உன் செல்லுல இருந்து ஒரு தடவை கூப்பிட்டுக் கேளேன்."

அவள் தன் செல்ஃபோனை அணைத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"வேண்டாங்க" என்றாள் மெல்ல. "நான் வீட்லயே இருக்கேன்."