பெயர் வேண்டாம்

"பேரைச் சொல்லாதீங்க! நமக்குக் கட்டடத்தோடதான் சண்டை, ஆளோட இல்லை" என்று கையை உயர்த்தித் தடுத்தார் லயனல்.

பிலிப்பா வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி நறுக்கென்று நாலு வார்த்தை சொல்வதற்காகவே முப்பது மைல் பஸ்ஸில் வந்திருந்தாள் அவள்.

கட்டட அனுமதி கேட்டு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி நகராட்சிக்குக் கொடுத்திருந்த விண்ணப்பத்தின் நகலை அவளிடமிருந்து லயனல் வாங்கினார். யார், எந்தத் தெரு, எதற்காக என்றெல்லாம் எழுதியிருந்த மேல் பகுதியை, படிக்காமலே பின்பக்கமாக மடித்துவிட்டார். வரைபடமும் விண்ணப்ப எண்ணும் அவருக்குப் போதும்.

"எதுக்காகக் கட்டுறாங்கன்னாவது..."

"அதுதான் கூடவே கூடாது. நோயாளி, குழந்தை, கஷ்டம்னு எதையாவது எழுதியிருப்பாங்க. படிச்சா மனசு இளகும். இளகின மனசோட ஆட்சேபம் எழுத முடியுமா?"

ஓய்வுபெற்ற பதினைந்து வருடமாக இதுதான் அவர் பொழுது. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டை நீட்டினாலும் உயர்த்தினாலும், பிடிக்காத அண்டை வீட்டார் லயனலைத் தேடி வருவார்கள். அவர் எழுதிக் கொடுத்தால் நகராட்சி அசந்துவிடும் என்று பேச்சு.

"டீயை எங்கே வைக்கிறது?" என்று பிலிப்பா இடம் தேடினாள். சாப்பாட்டு மேசை முழுவதும் பொம்மை ரயில் தண்டவாளம் வளைந்து வளைந்து ஓடியது.

"அந்த ஸ்டேஷன் கூரை மேல வைங்க, தாங்கும். இப்போ சொல்லுங்க."

"என் சமையலறை ஜன்னலுக்கு நேரா, வேலியை ஒட்டிக் கட்டப் போறா. மத்தியானத்துக்கு மேல எனக்கு வெயிலே கிடைக்காது, சார்."

"வெயிலை ரெண்டாவதா வெச்சுக்கலாம்." லயனல் வரைபடத்தின் மேல் குனிந்தார். குனிந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "குளியலறை, அடுப்பு, படியே இல்லாத அகலக் கதவு. இதுக்குப் பேரு தோட்டத்து அறையா? தனி வீடும்மா இது! அப்புறம் இதைப் பாருங்க. மூணு சுவரையும் ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு நீள மேசை. படுக்கிற இடத்துல எதுக்கு இவ்வளவு மேசை? ஏதோ தொழில் நடத்தப் போறாங்க. அதையும் எழுதிடுவோம்."

"பொல்லாத ஆளு சார் நீங்க!" என்று பிலிப்பா சிரித்தாள். "அவ பையன் ஒருத்தன் இருக்கான். எந்நேரமும் மரத்து மேலதான். அதட்டவே மாட்டா. இந்தக் காலத்து அம்மாக்களே இப்படித்தான்."

"என் பொண்ணும் அதே ரகம்தான்."

சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்றிருந்தது லயனலுக்கு. கன்சர்வேட்டிவ் கட்சிக்காக நாற்பது வருடம் வீடுவீடாகத் துண்டறிக்கை போட்டவர் அவர். போன தேர்தலில் மகள் ஜோஸ்லின் தன் வீட்டு வாசலிலேயே எதிரணியான தொழிற்கட்சியின் தேர்தல் பலகையை நட்டாள். அன்று அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர், பலகையின் கோபத்தைப் பேரனிடம் காட்டினார். பட்டாணியைத் தொடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தவனிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்தார்.

"என் பிள்ளையை எப்படி வளர்க்கணும்னு எனக்குத் தெரியும்ப்பா" என்றாள் ஜோஸ்லின். கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வருடமாகிறது. அவள் வீடு மாறிவிட்டதாக யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்க வீம்பு விடவில்லை.

"பேச்சுவார்த்தை இல்லையா?" என்று கேட்டாள் பிலிப்பா.

"பிப்ரவரியில மாடிப்படியில விழுந்தேன். எப்படியோ கேள்விப்பட்டு ஒரு வரி அனுப்பினா, 'அப்பா, மாடி ஏறாதீங்க'ன்னு. அவ்வளவுதான்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

"'சரி'ன்னு போட்டேன்."

"ஒரு போன் பண்ணக் கூடாதா, சார்?"

லயனல் பேனா மூடியைத் திருகினார். "அவ கூப்பிடட்டும்மா. ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும், இந்த வீட்டை அப்படியே போட்டுட்டுப் போயிடுவேன். இந்த வயசுல எனக்கு வேற என்ன வேணும்? ஆனா அவதான் கூப்பிடணும்." பிறகு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, "வெயிலுக்கு வருவோம்" என்றார்.

எட்டு வாரம் கழித்து பிலிப்பா எலுமிச்சை கேக்கோடு வந்தாள்.

"அவ விண்ணப்பத்தைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க, சார்! அந்த மேசை விஷயத்தைக்கூட நீங்க எழுதினபடியே போட்டிருக்காங்க."

"நான்தான் சொன்னேனே!" லயனல் இரண்டு துண்டு வெட்டினார்.

பிலிப்பா தன் துண்டைத் தொடவில்லை. "நேத்து வேலியோரமா நின்னு அழுதுக்கிட்டிருந்தா. என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. 'உங்க ஜன்னல் உங்களுக்கு முக்கியம்தானே'ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா. எனக்கு என்னவோ போல இருக்கு, சார்."

"முதல்ல அப்படித்தான் இருக்கும். போகப்போகச் சரியாயிடும்" என்று அவளைத் தேற்றி அனுப்பி வைத்தார்.

வென்ற கடிதங்களுக்கென்று அலமாரியில் தடிமனான கோப்பு ஒன்று இருந்தது. முடிந்துபோன விவகாரத்தின் பெயரைப் பார்ப்பதில் தப்பில்லை என்பதும் அவர் வைத்திருந்த விதிதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நகலின் மடிப்பைப் பிரித்து நீவினார்.

விண்ணப்பதாரர் ஜோஸ்லின் என்று இருந்தது. அதன் கீழே, எதற்காக என்ற இடத்தில், 'மாடி ஏற முடியாத என் அப்பாவை, அவருடைய பொம்மை ரயிலோடு, என்னோடு அழைத்து வைத்துக்கொள்ள' என்று அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது.