அளக்க வந்தவள்

"ஏம்மா, யாரைக் கேட்டு என் தோட்டத்தை அளக்குற?"

வரப்பில் நின்றபடியே ஈஸ்வரபாண்டி போட்ட சத்தத்தில், மூன்று கால் ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்திருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"அளக்கலைண்ணே. என் பேரு கிளாரா. காட்டு விலங்குகளைப் படம் எடுக்கிறேன். இது கேமரா."

"கேமராவா? நான் என்ன கல்யாண வீட்டுக்கே போகாதவனா?"

ஸ்டாண்டின் மேல் கை நீளத்துக்கு ஒரு குழாய், பச்சைத் துணி சுற்றி உட்கார்ந்திருந்தது. ஈஸ்வரபாண்டி அதை நோக்கி விரலை நீட்டினான்.

"எங்க நல்லகண்ணு மாமா தோப்புக்கும் இப்படித்தான் மூணுகால் மிஷினோட ரெண்டு பேரு வந்தாக. சும்மா பாக்க வந்தோம்னு சொன்னாக. எளநி வேற வாங்கிக் குடிச்சாக. இன்னைக்கு அந்தத் தோப்புக்கு நடுவுல பைபாஸ் ரோடு போகுது!"

பண்ணைப்புரம் மலையடிவாரத்தில் அப்பன் விட்டுப்போன இந்த இரண்டு ஏக்கர் வாழையும் கைவிட்டுப் போனால், அவன் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

"நான் ரோட்டுக்காரி இல்லண்ணே. இது தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் காட்டுற லென்ஸ். அந்தா, மலை மேட்டுல நிக்கிற மான் காதை ஆட்டுறதுகூடத் தெரியும். வேணும்னா பாருங்க."

அவன் குழாயை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கண்ணை வைத்தான். இழுத்த இழுப்பில் அதன் மூக்கு கீழே தாழ்ந்ததைக் கவனிக்கவில்லை. மானும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. அவனுடைய தோட்டத்து எல்லைக்கல்தான் கண் முன்னால் வந்து நின்றது. போதாததற்கு, குழாயின் மேலேயே மீட்டர், அடி என்று எண்கள் வேறு!

"கேமராவுக்கு எதுக்கும்மா அடிக்கணக்கு?"

"எவ்வளவு தூரத்துல இருக்கிறது தெளிவாத் தெரியும்னு காட்டுறதுண்ணே."

எமகாதகி! எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிறாள். சண்டை போட்டால் நாளைக்குப் போலீஸோடு வந்து நிற்பாள். ரோடு போடவே லாயக்கில்லாத இடம் என்று அவளே எழுதிக்கொண்டு ஓடும்படி செய்ய வேண்டும். ஈஸ்வரபாண்டி குரலை இறக்கினான்.

"சரி தாயி, படம் எடுத்துக்க. ஆனா பொழுது சாயுறதுக்குள்ள கெளம்பிரு. இது யானை வர்ற எடம்."

கிளாராவின் கண்கள் விரிந்தன. பயந்துவிட்டாள் என்று அவனுக்கு உற்சாகம் பிறந்தது.

"யானை அந்த ஓடைப் பக்கம்தானே வரும்?"

"யாரு சொன்னா? என்னோட இந்த ரெண்டு ஏக்கருக்குள்ளதான் வரும். மேக்கு மலையிலருந்து எறங்கி, நேரா வாழைக்குள்ள பூந்து, கெழக்கு மலைக்குப் போகும். எங்க தாத்தா காலத்துலருந்து இதே தடம்தான். ஒண்ணா ரெண்டா? குஞ்சு குளுவானோட கூட்டமா வரும்!"

"நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

"நேத்துகூடப் பாத்தேன். அங்கன பாரு, பாவிக என்ன பாடு படுத்தியிருக்குன்னு!" என்று சரிந்து கிடந்த வாழைகளைக் காட்டினான்.

"சாணத்தைக் காணோமேண்ணே?"

ஈஸ்வரபாண்டி எருக்குழிப் பக்கம் கையை நீட்டினான். "அதான் காலையிலேயே எருவுக்கு அள்ளிட்டோம்ல!"

சோற்று வாளியோடு வந்த அவன் மனைவி முனீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யானையா? அதெல்லாம் ஆடிக் காத்துல..."

"ஏ, சும்மா கெட! பாவம் தாயி, யானையைப் பாத்ததுலருந்து இவளுக்குக் காத்தடிச்சாலே நடுக்கம்."

கிளாரா போனை எடுத்து, சாய்ந்த வாழைகளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். எல்லைக்கல்லையும் விடவில்லை.

"இதையெல்லாம் சொன்னது நீங்கதான்னு பேரு போட்டுக்கலாமாண்ணே?"

"தாராளமா! எங்கன கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்."

அவள் மூட்டை கட்டியதும், ஈஸ்வரபாண்டி மனசு குளிர்ந்து ஒரு சீப்புப் பழத்தை அவள் கையில் திணித்தான். மனைவி பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினான்.

"இனிமே ஒரு பய ரோடுன்னு சொல்லிக்கிட்டு இந்தப் பக்கம் வரமாட்டான்!"

வரப்போரம் நின்று கிளாரா போனில் பேசியது இருவர் காதிலும் தெளிவாக விழுந்தது.

"சார், யானைங்க எந்த வழியா மலை மாறுதுன்னு கண்டுபிடிச்சாச்சு. ஓடைப் புறம்போக்குன்னு நாம நினைச்சது தப்பு சார், தோட்டத்துக்காரரே சாட்சி சொல்றார். யானைகளுக்கு வழிவிட வனத்துறை எடுக்கப்போற நிலம்னு இந்த ரெண்டு ஏக்கரையே எழுதிடலாம்!"