ரோஜாவுக்கு என்ன உரம்?

தவக்காலம் முடியும்வரை காப்பியைத் தொடுவதில்லை என்று ஆம்ப்ரோஸும் மனைவி பிரிஜட்டும் மாதா முன்னால் நேர்ந்துகொண்டார்கள்.

பிரிஜட் காலைப் பூசைக்குப் போனதும், தன் செம்பவாங் டாக்யார்ட் வேலைப் பையில் ஒளித்துவைத்த தூளை எடுத்து ஆம்ப்ரோஸ் ஒரு காப்பி போட்டுக் குடிப்பான். சக்கையைக் குப்பையில் போட்டால் அவள் கண்ணில் படும். அதனால் வாசல் ரோஜாவின் அடியில் புதைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வேலைக்குப் போவான். அவனைப் பிடிக்க இனிமேல்தான் ஆள் பிறந்து வரவேண்டும்.

ரோஜாவோ சிராங்கூன் ரோட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் வந்த பங்குச் சாமியாரும் நின்றுவிட்டார்.

"என்ன உரம்பா போடுறே?"

"உரமா? வெறும் ஜெபம்தான் சாமி" என்றான் ஆம்ப்ரோஸ்.

"காப்பியை விட்டோம்ல, அந்தப் பலன் சாமி" என்றாள் பிரிஜட்.

"அடுத்த பூசையில உங்களைப் பத்தித்தான் பிரசங்கம்லா!" சாமியார் மகிழ்ந்துபோய் ஒரு குச்சியை எடுத்தார். "இருந்தாலும் மண்ணைக் கொஞ்சம் கிளறிப் பாக்குறேன்."

"கிளறாதீங்க சாமி!"

அலறல் இரண்டு குரலில் வந்தது. ஒன்று ஆம்ப்ரோஸுடையது. மற்றது பிரிஜட்டுடையது. அவள் அவசரமாக முந்தானைக்குள் மறைத்த விரல்களின் நகக்கண்ணில் காப்பிச் சக்கை ஒட்டியிருந்தது.